காரின் மூக்கும் நம் மூக்கும்

பற்ற வைக்காத ஒரு சிகரெட் லைட்டரைக் கொண்டு காரின் மூக்கு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பொறுத்தருள வேண்டும். நாம் எழுத எடுத்துக்கொண்டது இயந்திரத்தைப் பற்றியதுதான். ஆனால் அது சுவாசத்தைப் பற்றியதும் கூட. சுவாசிக்காமல் எந்த இலக்கியத்தையும் ஒருவர் வாசித்துவிட முடியாது.

தானாகவே வெப்பநிலையைச் சரிசெய்துகொள்ளும் குளிர்சாதனம் உள்ள கார்கள் சிலவற்றில், முன்கண்ணாடியின் அடியிலோ ரேடியேட்டருக்கு முன்னாலோ, வெளிக்காற்று உள்ளே நுழையும் வழியை ஒட்டி, சிறியதொரு கறுப்புப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் போகும் லாரி புகை கக்கினால் அப்பெட்டி அதை முகர்ந்து, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சேதி அனுப்பும். உடனே ஒரு சிறு மோட்டார் சுழன்று வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிடும். உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். லாரி விலகிப் போனதும் வழி திறக்கும். ஓட்டுபவர் ஒரு பொத்தானையும் தொட வேண்டியதில்லை. அடைப்பு நிகழ்ந்ததே பலருக்குத் தெரியாது. காற்றாடியின் ஓசை சற்று மாறுவதைக் கூர்ந்து கேட்பவர் மட்டும் அறிவர்.

இதற்கு விற்பனைப் புத்தகங்களில் இட்டிருக்கும் பெயர் 'ஏர் குவாலிட்டி சென்சார்'. தமிழில் 'காற்றுத் தர உணரி' என்கிறோம். உணரி என்னும் சொல்லில் நமக்குக் குறையில்லை, நல்ல சொல். 'தரம்' என்பதில்தான் சிக்கல். தரம் அறிவது என்றால் நன்று எது, தீது எது, எவ்வளவு தீது என்று பிரித்தறிவது. இக்கருவிக்கு அந்த ஆற்றல் இல்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் படிநிலையால் வகுக்கும்போது மூக்கின் அறிவை மூன்றாவதாக வைத்து, கறையானையும் எறும்பையும் அவ்வரிசையில் சேர்த்தார். எறும்புக்காவது தொடுவதும் சுவைப்பதும் முன்னரே வாய்த்திருந்தன. காரின் இந்தப் பெட்டிக்கு மூன்றாவது அறிவு மட்டும், அதுவும் அரைகுறையாக, வாய்த்திருக்கிறது.

அது முகரும் விதம் சுவையானது. ஜப்பானியர் நவோயோஷி டகுச்சி 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கண்டுபிடிப்பின் வழித்தோன்றல் இது. அக்காலத்தில் ஜப்பானிய வீடுகளில் சமையல் எரிவாயு கசிந்து வெடிக்கும் விபத்துகள் நேர்ந்துவந்தன. கசிவை முன்கூட்டியே அறியும் மலிவான கருவி தேவைப்பட்டது. வெள்ளீய ஆக்சைடைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பில் படிந்து எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை கூடும். கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரோகார்பனோ வந்தால், படிந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அந்த எலக்ட்ரான்களை விடுவிக்கும், மின்தடை குறையும். அவ்வளவுதான் மூக்கின் இரகசியம். 1969இல் தோன்றிய ஃபிகாரோ என்ற நிறுவனம் இவ்வகைக் கருவிகளைப் பெருமளவில் செய்தது. அடுக்களைச் சுவரில் எரிவாயுக் கசிவை அறியப் பிறந்த பொருள் பின்னாளில் காரில் ஏறிக்கொண்டது.

பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் மிகுதி. டீசல் வண்டியின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகுதி. நைட்ரஜன் டை ஆக்சைடு வந்தால் மின்தடை குறைவதற்கு மாறாகக் கூடும். ஆகவே காரின் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு மூக்குகள் இருக்கும்: ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று டீசலுக்கு. இந்த இரட்டை மூக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்; சோதனையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணத்துக்கும் ஆகும், தீய மணத்துக்கும் ஆகும். இன்று அச்சொல் கீழிறங்கிவிட்டது. வெள்ளீய ஆக்சைடு மட்டும் இன்னும் பழைய தமிழிலேயே பேசுகிறது. லாரிப் புகை, பெயிண்ட் கடையின் தின்னர் ஆவி, மருத்துவமனை வாசலில் வீசும் ஸ்பிரிட் வாடை எல்லாமே அதற்கு வெறும் நாற்றம்.

இனிச் சோதனைக்கு வருவோம். பெரிய பணிமனை ஒன்றில் காரைப் பராமரிப்புக்கு விட்டபோது, அந்த உணரி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தோம். திரும்பப் பெறும்போது, "எல்லாம் செக் பண்ணியாச்சு சார், எரர் எதுவும் வரலை" என்றார் முகப்பில் இருந்த இளைஞர். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள், பிழைக்குறி இல்லை, அதுவே சோதனை. மின்கம்பி அறுந்திருந்தால் அந்த முறையில் தெரியும். கம்பி நன்றாக இருந்து மூக்கு மட்டும் செத்திருந்தால் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பார்வை நரம்பு இருக்கிறது என்பதால் கண் தெரிகிறது என்று சொல்வது போன்றது இது.

எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர்தான் வேறு வழி காட்டினார். என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்து, குளிர்சாதனத்தைத் தானியங்கி நிலையில் விட்டார். சூடேறினால்தான் அந்த மூக்கு வேலை செய்யும் என்பதால் ஓரிரு நிமிடம் காத்திருந்தார். பிறகு லைட்டரின் விசையை மட்டும் அழுத்தி, தீப்பொறி எழாதபடி, வாயுவைப் பெட்டியின் அருகே மெல்லப் பாய விட்டார். நாம் உள்ளே அமர்ந்து காது கொடுத்துக் கேட்டோம். சில நொடிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து மோட்டார் முனகும் சத்தம். காற்றின் ஓசை மாறியது. "மூக்கு உசிரோட இருக்கு சார்" என்றார். (இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் என்ஜின் சூடாக இருக்கும்போதோ, அருகே நெருப்பு இருக்கும்போதோ செய்யலாகாது. வெளியே வருவது எரிவாயு. லைட்டருக்கு அஞ்சுவோர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் காட்டினாலும் போதும். அதுவும் பற்றக்கூடியதே என்பதால் எச்சரிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான்.)

அவரிடம் கற்ற இன்னொரு செய்தி. சிலிக்கோன் கலந்த மெருகுத் தெளிப்பான்களை இந்தப் பெட்டியின் அருகே அடிக்கக் கூடாதாம். வெள்ளீய ஆக்சைடின் மேற்பரப்பில் சிலிக்கோன் ஆவி படிந்தால் அது உணர்விழந்து போகும் என்பது இத்துறையில் தெரிந்த விஷயமே. வண்டியைப் பளபளப்பாக்கிக் கொடுக்கும் ஆர்வத்தில் மூக்கைக் கொன்றுவிடும் வாய்ப்பு பணிமனைகளிலேயே இருக்கிறது.

ஆனால் லைட்டர் சோதனை எதை மெய்ப்பிக்கிறது? பெட்ரோல் மூக்கு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும். லைட்டரில் இருப்பது பியூட்டேன், அது ஹைட்ரோகார்பன். டீசல் மூக்குக்குக் காட்டுவதற்கு நைட்ரஜன் டை ஆக்சைடு வேண்டும். அது நச்சு வாயு. தெருவோரப் பட்டறையில் உண்டாக்கிக் காட்டும் பொருளன்று. பழைய டீசல் பேருந்து ஒன்றின் பின்னால் ஓட்டிச் சென்று பார்ப்பதுதான் எளியவர்க்குள்ள வழி. அதிலும் எந்த மூக்கு முகர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. பத்து வினாக்கள் உள்ள தாளில் ஒரே ஒரு வினாவுக்கு மட்டும் விடை எழுதச் சொல்லித் தேர்ச்சி கொடுப்பது போல. விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு அந்தத் தேர்ச்சியில் மனம் ஒப்பவில்லை.

இதைவிடப் பெரிய ஐயம் வேறொன்று. இந்த மூக்கு காற்றில் எவ்வளவு நச்சு உள்ளது என்று அளப்பதில்லை. சற்று முன்பிருந்த காற்றுக்கும் இப்போதுள்ள காற்றுக்கும் உள்ள வேறுபாட்டையே பார்க்கிறது. வெப்பம், ஈரப்பதம், வயது ஆகியவற்றால் அதன் மின்தடை மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், எந்த நிலையில் நெடுநேரம் நிற்கிறதோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும்படி இதை அமைக்கிறார்கள். பொறியியல் நோக்கில் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் இடங்களுக்குப் புதிதாகச் செல்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். அங்கேயே வாழ்பவரைக் கேட்டால், "அப்படி ஒண்ணும் வாடை இல்லையே" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் மூக்கு பழகிவிட்டது. காரின் மூக்கும் அப்படியே.

இவ்வேற்பாடு எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது என்பது இதிலிருந்து புலப்படும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் வண்டி விரைகிறது. காற்று பெரும்பாலும் தூயது. இடையில் ஒரு மலைச்சுரங்கப் பாதை வருகிறது, அல்லது முன்னால் ஒரு லாரி. சில நிமிடங்கள் காற்று கெடுகிறது. கதவு அடைகிறது, சுரங்கம் முடிந்ததும் திறக்கிறது. அங்கே தூய்மை விதி, மாசு விலக்கு. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை மாலை ஆறரை மணிக்கு ஊர்ந்து செல்லும் நமக்கு மாசுதான் விதி. நான்கு புறமும் வண்டிகள், எல்லாம் புகைகின்றன, முக்கால் மணி நேரம். முதல் சில நிமிடங்கள் மூக்கு விழித்துக்கொண்டு கதவை அடைக்கலாம். பிறகு அந்தப் புகையே அதற்கு இயல்பாகிவிடும். அப்போது வெளிவழி திறந்தால், 'காற்று நன்றாகிவிட்டது' என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். கருவி சொன்னது அதுவன்று. 'மாற்றம் ஒன்றும் இல்லை' என்பதே.

முகராத பொருள்களும் உண்டு. இக்காலத்தில் செய்தித்தாள்களில் அன்றாடம் அடிபடும் நுண்துகளை, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசியை, வெள்ளீய ஆக்சைடு அறியாது. அதற்கு லேசர் ஒளியைச் சிதறவிட்டு எண்ணும் வேறு கருவி வேண்டும். 2019க்குப் பிறகு நம் நாட்டுச் சந்தைக்கு வந்த கார்கள் சிலவற்றில் அத்தகைய கருவியும் காற்றுச் சுத்திகரிப்பானும் சேர்ந்து, திரையில் ஓர் எண்ணைக் காட்டுகின்றன. அந்த எண் பெரும்பாலும் காருக்கு உள்ளே உள்ள காற்றுக்குரியது. அதைக் கண்டு ஊர்க்காற்று நன்றாக இருக்கிறது என மகிழ்வது, தன் வயிறு நிறைந்ததைக் கொண்டு ஊரில் பஞ்சம் இல்லை என முடிவு செய்வதாகும்.

கார்பன் டை ஆக்சைடையும் இந்த மூக்கு அறியாது. இது விளையாட்டான சங்கதியன்று. வழி அடைபட்டிருக்கும்போது நாம் விடும் மூச்சே நமக்குத் திரும்ப வருகிறது. அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். நால்வர் என்றால் 72 லிட்டர்; பத்து நிமிடத்தில் 12 லிட்டர். காரின் உள்வெளி சுமார் 3000 லிட்டர் என்று கொண்டால், கசிவே இல்லாத நிலையில், பத்து நிமிடத்தில் பத்து இலட்சத்துக்கு 4000 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதோ 420 பங்கு அளவுதான். ஓடும் காரில் இடுக்குகள் வழியே காற்று கசியும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஏறும், ஆயினும் ஏறும். நெடும்பயணத்தில் ஓட்டுநருக்குக் கண் சொக்குவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வழி தானாகத் திறக்கும்படி வைத்திருப்பது இதனாலும், கண்ணாடியில் பனி படர்வதைத் தடுக்கவுமே. பொத்தானை அழுத்தி நிரந்தரமாக அடைத்துவைத்து ஓட்டுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போகலாம்.

இவ்வளவும் உள்ளே இருப்பவருக்கான கவலை. முன்னால் மூக்கை வைத்த அதே தொழில், பின்னால் வாலில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. அதன் டீசல் கார்களின் மென்பொருள், ஸ்டியரிங் சக்கரத்தின் நிலை, வேகம், என்ஜின் ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு இப்போது சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்நேரத்தில் மட்டும் ஒழுக்கமாக நடந்துகொண்டது. சாலையில் இறங்கியதும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை உமிழ்ந்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. தேர்வு மண்டபத்தின் வாசனையை முகரத் தெரிந்த மாணவன்! முன்மூக்கு நைட்ரஜன் டை ஆக்சைடை முகர்ந்து எஜமானரைக் காக்கிறது. பின்புறமோ அதே வாயுவை அடுத்தவர் முகத்தில் விடுகிறது. இன்னொன்றும் 2018இல் தெரியவந்தது. ஜெர்மன் கார் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஓர் ஆய்வு அமைப்பு, 2014இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் பத்துக் குரங்குகளை அறையில் அடைத்து டீசல் புகையை முகரச் செய்திருக்கிறது. சோதனைக்கு நிறுத்தப்பட்ட புதிய காரும் அந்த மோசடி மென்பொருள் கொண்டதே. இதற்கு மேல் நாம் என்ன சொல்ல இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். புகைச் சான்றிதழ் பெறுவதற்காகப் பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கும் சிறு வேனில் நம் வண்டியின் வாலில் குழாயைச் செருகிப் பார்க்கிறார்களே, அங்கே பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியும் பார்க்கும் முறையே இருந்துவருகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் இல்லை. உள்ளே இருப்பவருக்காக அவ்வாயுவை முகரக் கருவி உண்டு. வெளியே இருப்பவருக்காக அளக்கக் கருவி இல்லை. அளவுகோலிலும் வேற்றுமை. நைட்ரஜன் டை ஆக்சைடு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. 2009இல் வகுத்த இந்திய வரையறை பொது இடங்களுக்கு 40. நுண்துகளுக்கு அவர்கள் சொன்னது 5, நம்முடையது 40. நுரையீரல் ஒன்றுதான்.

2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை ஆறு நடைமுறைக்கு வந்து, எரிபொருளின் கந்தகம் பத்து இலட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டதும், 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களைச் சாலையிலேயே ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்றானதும் நல்ல மாற்றங்கள். அவற்றைப் பாராட்டாமல் குறை மட்டும் கூறுவது அறமன்று. ஆனால் பழைய வண்டிகள் சாலையில் இருக்கின்றன. இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்.

எங்கள் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் வரும் மாணவியர் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றி, கண் மட்டும் தெரிய வருகிறார்கள். முதல் வகுப்பில் அதை அவிழ்க்கும்போது வெள்ளைத் துணியில் மூக்கு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் வட்டமாகக் கறை தெரியும். ஒருமுறை அதைக் கவனித்துவிட்டால் பின்பு கவனிக்காமல் இருக்க முடிவதில்லை. துணி தூசியில் கொஞ்சத்தைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நம் காரின் வழி அடைபட்டுக் காற்று குளிர்ந்து சுழலும் அந்த நொடியில், நம் கண்ணாடிக்கு ஓரடி தள்ளி அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மூக்கு அடைக்கச் சொன்ன புகையில் நம் காரின் பங்கும் உண்டு.

அதனால் காரை விற்றுவிட வேண்டுமா, உணரியைக் கழற்றி எறிய வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேலியாகக் கேட்டார். வேண்டியதில்லை. இளைப்பு நோயுள்ள முதியவரையும் குழந்தையையும் ஏற்றிச் செல்பவருக்கு அக்கருவி உண்மையிலேயே உதவும், உயிரோடு இருந்தால். நாம் கேட்பது வேறு. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த மூக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயுவைக் காட்டிச் சோதிப்பது பராமரிப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும், இரண்டு மூக்கையும். எதை முகரும், எதை முகராது என்பதை உரிமையாளர் கையேட்டில் இரண்டு வரியில் எழுத வேண்டும். நாம் புரட்டிப் பார்த்த கையேட்டில் கோப்பை வைக்கும் குழிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூக்குக்கு ஒன்றரை வரி. வாலில் செருகும் குழாய்க்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் ஆற்றல் வர வேண்டும். அது வராதவரை காரின் முன்பக்கம் தரம் என்ற சொல்லைப் பயன்படுத்துவது பொருத்தமாக இல்லை.

அடுத்த பராமரிப்பு ஆவணி மாதம் வருகிறது. பணி அட்டையில் எண்ணெய் மாற்றம், பிரேக் என்ற வரிகளுக்குக் கீழே, 'காற்று உணரி: ஸ்கேனரில் மட்டுமன்றி வாயு காட்டியும் சோதிக்கவும், உரிமையாளர் உடனிருப்பார்' என்று தமிழிலேயே எழுதிக் கையொப்பமிட இருக்கிறோம். மேலே சிலிக்கோன் மெருகு அடிக்க வேண்டாம் என்றும்.